இலவச கைடுக்கு டிப்ஸ் உண்டா, இல்லையா?

வழிப்போக்கன்: அடுத்த மாதம் பெர்லின், நியூயார்க், கியோட்டோ போகிறோம், இரண்டு பேர். மூன்று ஊரிலும் இலவச கைடு பதிவு செய்தாயிற்று. நிஜமாகவே இலவசமா? ஆளுக்கு எவ்வளவு எடுத்து வைக்கலாம்?

நாடோடி: பெர்லின் நடைச் சுற்றுலா பெயரளவில்தான் இலவசம். கைடுக்குச் சம்பளம் கிடையாது, டிப்ஸ்தான் வருமானம். அதிலும் பல நிறுவனங்கள் தலைக்கு இவ்வளவு என்று கைடிடமே பிடித்துக்கொள்ளும். தொடக்கத்தில் குரூப் போட்டோ எடுப்பது பெரும்பாலும் தலை எண்ணத்தான். நீங்கள் ஒன்றும் கொடுக்காமல் நழுவினால் அவருக்குக் கைநஷ்டம். இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு ஆளுக்கு 10 முதல் 15 யூரோ கொடுத்தால் மரியாதை. பாதியில் கிளம்புவதானால் இடைவேளையிலேயே கொடுத்துவிடுங்கள்.

கல்தூண்: நியூயார்க்கில் பதிவு செய்தது பிக் ஆப்பிள் கிரீட்டரா? அது 1992இல் தொடங்கிய தன்னார்வ அமைப்பு. டிப்ஸ் வாங்கக் கூடாது என்பது அவர்கள் விதி; நீட்டினால் அவருக்குத்தான் தர்மசங்கடம். மனசு கேட்கவில்லை என்றால் அமைப்புக்கு நன்கொடை கொடுங்கள். அதே ஊரில் டிப்ஸை நம்பி நடக்கும் சுற்றுலாக்களும் இருக்கின்றன, அதனால் பதிவு மின்னஞ்சலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கியோட்டோவில் குட்வில் கைடு, அதாவது தன்னார்வ வழிகாட்டி என்றால், வழிகாட்டக் காசு வாங்க மாட்டார். ஆனால் அவருடைய பஸ், ரயில் கட்டணம், நுழைவுச்சீட்டு, மதியச் சாப்பாடு உங்கள் பொறுப்பு. கடைசியில் கணக்குப் பார்த்துக் கையில் பணம் திணிக்காதீர்கள். கோயில் கவுன்டரில் இரண்டுக்குப் பதில் மூன்று டிக்கெட்டாக வாங்கிவிட்டால் பேச்சே எழாது. வீட்டிலிருந்து அவர் வந்துபோகும் செலவு சேருமா என்பது குழுவுக்குக் குழு மாறும். முன்கூட்டியே எழுதிக் கேட்பதில் தப்பில்லை. சின்ன இனிப்புப் பொட்டலம் கொடுக்கலாம், இரண்டு கையாலும்.

வழிப்போக்கன்: நன்றி. பெர்லினில் கார்டு வாங்குவார்களா?

நாடோடி: சிலர் வாங்குவார்கள், நம்பிப் போகாதீர்கள். ஏடிஎம் பெரும்பாலும் 50 யூரோ நோட்டாகத் தள்ளும். முதல் நாளே கடையில் மாற்றி வையுங்கள். கைடிடம் சில்லறை கேட்பது நன்றாக இருக்காது. நம் ஊர் நாணயத்தை ஞாபகார்த்தம் என்று சேர்த்துக் கொடுத்தால் சரி, டிப்ஸாக வேண்டாம். வெளிநாட்டுச் சில்லறைக் காசுகளை மணி சேஞ்சர்கள் பொதுவாக வாங்குவதில்லை.