செய்திமடல் வழியாக வருவோரெல்லாம் ‘நேரடி’ வருகையாகப் பதிவாவது ஏன்? அவசர உதவி தேவை

நூலேணி:
வணக்கம். எங்கள் தளத்திற்கு வருவோர் எங்கிருந்து வருகிறார்கள் என்று காட்டும் அறிக்கையில் சில நாள்களாக ‘நேரடி’ என்ற வரியே உச்சத்தில் நிற்கிறது. வாராந்தரச் செய்திமடல் வழக்கம்போலத்தான் போகிறது. ஆனால் அதன் வழியாக வருவோர் எண்ணிக்கை அடியோடு சரிந்துவிட்டது. இத்தனை பேர் எங்கள் முகவரியை மனப்பாடமாக வைத்துத் தட்டச்சு செய்கிறார்கள் என்பதை நான் நம்பவில்லை. நாளைக் காலைக் கூட்டத்தில் விளக்கம் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

தூண்டில்:
எந்தக் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள்? கூகுள் அனலிட்டிக்ஸா, மட்டோமோவா? ‘சில நாள்கள்’ என்றால் எந்தத் தேதியிலிருந்து? மடலிலுள்ள இணைப்புகளின் கடைசியில், வருகை எங்கிருந்து என்று கருவிக்குச் சொல்லும் யூடிஎம் குறிகள் உண்டா? இவை தெரியாமல் எதையும் சொல்ல முடியாது.

மாலைநேரம்:
எனக்கு இது தானியங்கி நிரல்களின் வேலையாகத்தான் தெரிகிறது. ஒரே நகரம், ஒரே திரை அளவு, ஒரு நொடிகூடத் தங்காத வருகை என்று வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் தளத்தில் அப்படித்தான் நடந்தது.

கணக்குப்பிள்ளை:
‘நேரடி’ என்றால் முகவரியைத் தட்டச்சு செய்தவர்கள் என்று எண்ணுவதே பிழை என்று இங்கே எத்தனை முறை எழுதினாலும் யாரும் படிப்பதில்லை போலும். மூலம் தெரியாத வருகைகளைக் கருவி போட்டுவைக்கும் கூடை அது. கைப்பேசியிலுள்ள மின்னஞ்சல் செயலி, வாட்ஸ்அப், பிடிஎஃப் கோப்பு ஆகியவற்றிலிருந்து இணைப்பைத் திறக்கும்போது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்ற தகவலை உலாவி பெரும்பாலும் அனுப்புவதில்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் யூடிஎம் குறிகள் இருக்கின்றன. கேள்வி கேட்பதற்கு முன் உதவிப் பக்கத்தை ஒருமுறை புரட்டியிருக்கலாம்.

நூலேணி:
கூகுள் அனலிட்டிக்ஸ் 4. குறிகள் எப்போதும் உண்டு, அவற்றை மாற்றவில்லை. தளத்திலும் எதையும் மாற்றவில்லை.

தூண்டில்:
தேதி இன்னும் வரவில்லை. போகட்டும், தேடுபொறி வழியாக வருவோர் எண்ணிக்கையைப் பாருங்கள். அது பழைய அளவிலேயே இருந்து, மடலில் குறைந்த அளவு ‘நேரடி’யில் கூடியிருந்தால், தானியங்கி நிரல்களைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, வழியில் எங்கோ குறி தொலைகிறது என்று பொருள்.

பழந்தாள்:
இந்தக் கருவிகளை நம்புவதே வீண். தளம் குடியிருக்கும் கணினியான வழங்கி, தனக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் எழுதிவைக்கும் பதிவேட்டைப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டை முடக்கியவர், விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர் என எல்லாருடைய கோரிக்கையும் அதில் விழும்.

கணக்குப்பிள்ளை:
பக்கங்களைத் திரட்டத் தேடுபொறிகள் அனுப்பும் தானியங்கி ஊர்ந்திகளும் அதே பதிவேட்டில்தான் விழும். ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் நூறு பேர் இருந்தால் அவர்களை எப்படிப் பிரிப்பீர்கள்? 1990களின் முறையை வைத்துக்கொண்டு இன்றைய வாசகரை எண்ண முடியாது.

பழந்தாள்:
நீங்கள் பெருமையாகச் சொல்லும் யூடிஎம்மே பதிவேடுகளை அலசிய அர்ச்சின் என்ற மென்பொருளின் பெயரைத்தான் இன்றும் சுமக்கிறது. 2005இல் கூகுள் அதை வாங்கிய பிறகுதான் உங்கள் கருவியே பிறந்தது.

கணக்குப்பிள்ளை:
பெயர் எங்கிருந்து வந்தது என்பதா இங்கே கேள்வி?

வழங்கிக்காரர்:
இருவரும் சற்றுப் பொறுங்கள். நூலேணி, மடலிலுள்ள இணைப்பு ஒன்றைத் தனிப்பட்ட உலாவல் சாளரத்தில் ஒட்டித் திறந்து, முகவரிப் பட்டையை மட்டும் கவனியுங்கள். பக்கம் வந்து நின்ற பிறகு, கேள்விக்குறியும் அதற்குப் பின்னுள்ள குறிகளும் அங்கே இருக்கின்றனவா? அண்மையில் வழங்கியை மாற்றினீர்களா?

நூலேணி:
திறந்து பார்த்தேன். முகவரியின் முன்னால் மூன்று டபிள்யூ வந்து சேர்ந்தது. கேள்விக்குறியிலிருந்து எல்லாம் மறைந்துவிட்டது. வழங்கியைப் போன வாரம் மாற்றினோம். ஆனால் அது தளத்தில் செய்த மாற்றம் இல்லையே என்று எண்ணிச் சொல்லவில்லை. தேடுபொறி எண்ணிக்கை அப்படியேதான் இருக்கிறது.

தூண்டில்:
அந்த ஒரு வரியை முதலிலேயே எழுதியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும்.

வழங்கிக்காரர்:
அப்படியானால், ஒரு முகவரிக்கு வந்தவரை இன்னொரு முகவரிக்கு அனுப்பும் திசைமாற்று விதிதான் காரணம். புதிய வழங்கியில் இயங்கும் மென்பொருள் என்ஜின்எக்ஸ் என்றால், 301 என்ற எண்ணுள்ள நிரந்தரத் திசைமாற்று வரியில் ‘யூஆர்ஐ’ என்ற மாறியை எழுதியிருப்பார்கள்; அதில் பாதை மட்டுமே இருக்கும், கேள்விக்குறிக்குப் பிந்தைய பகுதி சேராது. அந்த இடத்தில் ‘ரிக்வெஸ்ட் யூஆர்ஐ’ என்று எழுதினால் வாசகர் கேட்ட முகவரி முழுமையாகப் போய்ச் சேரும். அனலிட்டிக்ஸின் நிரல் இறுதிப் பக்கத்தில்தான் இயங்குகிறது என்பதால், வழியில் உதிர்ந்த குறி அதன் கண்ணில் படவே வாய்ப்பில்லை. திருத்திய பின் சோதிக்கும்போது, உலாவி பழைய 301ஐ நினைவில் வைத்திருக்கும் என்பதால், புதிய தனிச் சாளரத்தையே பயன்படுத்துங்கள்.

நூலேணி:
என்ஜின்எக்ஸ்தான். சரியாகிவிட்டது, நிகழ்நேர அறிக்கையில் மடல் தெரிகிறது. அனைவருக்கும் நன்றி. போன வாரக் கணக்கை மீட்க வழி உண்டா?

கணக்குப்பிள்ளை:
அனலிட்டிக்ஸில் முடியாது. ஒருமுறை ‘நேரடி’ என்று பதிவானதைப் பின்னால் திருத்த இயலாது.

பழந்தாள்:
பதிவேட்டில் முடியும். திசைமாற்றுவதற்கு முன்பு வந்த கோரிக்கை குறிகளோடு அப்படியே அதில் எழுதப்பட்டிருக்கும். 301 என்ற விடை பெற்ற வரிகளில் மடலின் குறி உள்ளவற்றைத் தேடி எண்ணுங்கள். தலை எண்ணிக்கை துல்லியமாக இராது; ஆனால் கூட்டத்தில் காட்டுவதற்கு அது போதும்.

கணக்குப்பிள்ளை:
ஊர்ந்திகளைக் கழித்துவிட்டு எண்ணச் சொல்லுங்கள்.

தூண்டில்:
நூலேணி, கூட்டம் எப்படி முடிந்தது? பதிவேடு கிடைத்ததா, அல்லது பழைய வரிகளை வழங்கி அழித்துவிட்டதா?