களிம்பு பூசியும் வெள்ளைபடுதல் நிற்கவில்லை, என்ன செய்வது?

கேள்வி (தலவாக்கலைப் பக்கம்):
போன மாதத்திலிருந்து வெள்ளைபடுகிறது. தண்ணீராக, சாம்பல் நிறத்தில் வருகிறது. மீன் கவிச்சி போல வாடை; கணவரோடு சேர்ந்த பிறகு அதிகம். அரிப்பு இல்லை. பார்மசியில் பூஞ்சைக் களிம்பு கொடுத்தார்கள், வாடை அப்படியே இருக்கிறது. எலும்பு உருகுகிறது என்கிறார் மாமியார். இடுப்பில் படங்குத் துணி கட்டிக்கொண்டு மழையில் தேயிலைக் கொழுந்து பறிப்பதால் வருகிறதா?

பதில்:
அக்கா, வெந்நீரில் கிருமிநாசினி கலந்து உள்ளே கழுவிப் பாருங்கள்.

பதில் (ஓய்வுபெற்ற மருத்துவ மாது, ஹட்டன்):
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே அமிலத்தன்மையைக் காத்து நிற்கும் நல்ல பாக்டீரியா அழிந்தால் நோய் கூடும். வெளியே வெறும் தண்ணீர் போதும். தங்கச்சி, அடிவயிற்று வலி, காய்ச்சல், இடையில் இரத்தம் ஏதும் உண்டா? மாதவிடாய் தள்ளிப்போனதா?

கேட்டவர்:
இல்லை அக்கா.

மருத்துவ மாது:
நல்லது. எலும்பு உருகவில்லை, பயப்பட வேண்டாம். பூஞ்சை என்றால் தயிர்க்கட்டி போலத் திரண்டு வரும், அரிப்பு தாங்காது, வாடை பெரும்பாலும் இராது. சர்க்கரை நோயாளிகளுக்கும் ஆன்டிபயாட்டிக் குடித்தவர்களுக்கும் அது எளிதில் வரும். ஈர உடையும் அதற்குத்தான் இடம் கொடுக்கும். நீங்கள் சொல்வது பாக்டீரியாச் சமநிலை குலைந்ததைப் போல இருக்கிறது; பூஞ்சைக் களிம்பு அதைத் தொடாது.

ஆனால் டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியும் வாடையோடு வரும். மஞ்சள் பச்சையாக, நுரைத்து வருவது அதன் வழக்கம். எல்லாருக்கும் அப்படி வராது. இரண்டிலும் அமிலத்தன்மை குறைந்து, அதைக் காட்டும் பிஎச் அளவு 4.5-ஐத் தாண்டும் (அமிலம் குறையக் குறைய இந்த எண் ஏறும்). ஆகவே கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது. பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பெரும்பாலும் மெட்ரோனிடசோல் என்ற மருந்துதான் கொடுப்பார்கள். டிரைகோமோனாஸ் என்றால் கணவரும் மருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் தொற்றும். மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள்.

நுவரெலியாவில் அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. இலவசம், விவரம் வெளியே போகாது. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் நம் பெண்கள் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வேதனை. கூச்சமாக இருந்தால் உங்கள் தோட்டத்துக்கு வரும் மருத்துவ மாதுவிடம் முதலில் பேசுங்கள். இடையில் வலியோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேட்டவர்:
கிளினிக் போகிற அன்று அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் கிடைக்கும். கங்காணியிடம் என்ன சொல்ல?

மருத்துவ மாது:
கிளினிக் என்று மட்டும் சொல்லுங்கள். எதற்கென்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை.