தனிநாடு கேட்ட மிசோரம் எப்படித் திரும்பி வந்தது?

வைகைக்கரை எழுதியது:

என் மாமனார் ராணுவத்தில் இருந்தவர். 1967லிருந்து இரண்டு வருடம் மிசோ மலையில் வேலை பார்த்திருக்கிறார். சீனப் போர், பங்களாதேஷ் போர் என்று எதைக் கேட்டாலும் மணிக்கணக்கில் பேசுவார், மிசோரம் என்றால் மட்டும் எழுந்து போய்விடுவார். போன வருடம் காலமாகிவிட்டார், இனி அவரிடம் கேட்க முடியாது.

மிசோரம் தலைநகர் அய்சால் மீது நம் விமானப்படையே 1966ல் குண்டு போட்டது என்பதே எனக்கு 2023 ஆகஸ்டில் பிரதமர் நாடாளுமன்றத்தில் அதைப் பற்றிப் பேசியபோதுதான் தெரியும். அதற்கப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 20 வருடம் துப்பாக்கி தூக்கினார்கள், 1986ல் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், அதன்பிறகு அந்தப் பிரச்சினையே இல்லை என்கிற மாதிரி எல்லாரும் ஒரே பாராவில் முடித்துவிடுகிறார்கள். நாகாலாந்தில் முடியாதது இங்கே எப்படி முடிந்தது? அடித்ததால் பணிந்தார்களா, கொடுத்ததால் அமைதியானார்களா? ஆபீசில் இதைப் பேசினால் இரண்டு நிமிடத்தில் சண்டையாகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மலைவாசகம் எழுதியது:

அய்சாலில் ஆறு வருடம் ஆசிரியராக இருந்தேன். மிசோ மொழி கொஞ்சம் பேசுவேன், ஆனாலும் அவர்களுக்கு நான் கடைசிவரை ஒரு ‘வை’தான். சமவெளிக்காரர்களை அப்படித்தான் சொல்வார்கள்.

நீங்கள் 1966லிருந்து ஆரம்பிக்கிறீர்கள். அங்கே யாரிடம் கேட்டாலும் 1959லிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அந்த மலைகளில் ஒருவகை மூங்கில் ஏறக்குறைய 48 வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்துக் காய்க்கும். அந்தக் காயைத் தின்று எலிகள் பெருகும், காய் தீர்ந்ததும் வயலில் இறங்கி நெல்லைக் காலி செய்யும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மௌதாம்’. 1911ல் வந்தது, ஆகவே 1959ல் வரும் என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அப்போது மிசோ மலை அசாமில் ஒரு மாவட்டம். மாவட்டக் கவுன்சில் முன்கூட்டியே அசாம் அரசுக்குச் சொல்லி உதவியும் கேட்டது. மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டார்கள். பஞ்சம் வந்தது. அரிசி மூட்டையை முதுகில் சுமந்து ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் இளைஞர்கள், அவர்களைத் திரட்டியவர்களில் முன்னால் நின்றவர் லால்டெங்கா. அந்தப் பஞ்ச நிவாரண அமைப்புதான் 1961 அக்டோபரில் மிசோ தேசிய முன்னணி ஆனது. இதற்கு நடுவே 1960ல் அசாமிய மொழியை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் வேறு போட்டார்கள். சோறும் தரவில்லை, மொழியையும் திணிக்கிறார்கள் என்றால் மனிதனுக்கு என்ன தோன்றும்?

1966 மார்ச் 1 தனிநாடு அறிவிப்பு. மார்ச் 5 விமானத் தாக்குதல். ஆனால் அங்குள்ள முதியவர்கள் குண்டைவிட அதிகம் பேசுவது ஊர்களைக் கூட்டியதைப் பற்றித்தான். 1967ல் தொடங்கி 500க்கும் மேற்பட்ட கிராமங்களைக் காலி செய்து, சாலையோரம் வேலிபோட்ட முகாம்களில் மக்களைக் குடியேற்றினார்கள். விட்டுவந்த ஊர்கள் எரிக்கப்பட்டன. அடையாள அட்டை, ஊரடங்கு, வெளியே போக அனுமதி. காட்டை வெட்டி எரித்து இடம் மாற்றி மாற்றி விதைக்கும் மக்கள், வயலுக்குப் போய்வரவே நேரமில்லாமல் ரேஷன் அரிசிக்கு நின்றார்கள். அந்த 20 வருடத்துக்கு ‘ரம்புவாய்’ என்று பெயர், கலங்கிய நிலம் என்று சொல்லலாம். உங்கள் மாமனார் போனது இந்த வேலை உச்சத்தில் இருந்த காலம். அவர் ஏன் பேசவில்லை என்பது எனக்குப் புரிகிறது, அவர்மேல் மரியாதைதான் வருகிறது.

---

கிள்ளான்காரன் எழுதியது:

நான் மலேசியா. மேலே முகாம்களைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1950லிருந்து மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை அடக்க வெள்ளைக்காரன் செய்ததும் இதேதான், காட்டோரம் இருந்தவர்களை, பெரும்பாலும் சீனர்களை, ‘புதுக்கிராமம்’ என்று வேலிக்குள் வைத்தான். எங்கள் தோட்டத்து லயத்தையும் (தொழிலாளர் குடியிருப்பு) முள்கம்பி போட்டு அடைத்திருந்ததாகப் பாட்டி சொல்வார், சமைத்த சோற்றை வெளியே கொண்டுபோக விடமாட்டார்களாம். அதைப் பார்த்துத்தான் மிசோரத்திலும் செய்தார்கள். காலனிக்காரன் அந்நியனிடம் செய்ததை விடுதலை பெற்ற நாடு தன் குடிமக்களிடம் செய்தது என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

---

எல்லைச்சாமி எழுதியது:

மலைவாசகம் ஐயா சொன்ன வேதனையை மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் விடுபடுகிறது. கருவூலத்தையும் துணை ராணுவமான அசாம் ரைபிள்ஸின் முகாம்களையும் ஆயுதத்தோடு தாக்கினால் எந்த அரசும் பார்த்துக்கொண்டிருக்காது. இவர்களுக்கு முகாமும் ஆயுதமும் கிடைத்தது அன்றைய கிழக்கு பாகிஸ்தானில். 1971ல் பங்களாதேஷ் பிறந்ததும் அந்த இடம் போனது, லால்டெங்கா பாகிஸ்தானுக்குப் போய் அங்கிருந்து ஐரோப்பா வந்துதான் பேச்சுக்குத் தூது விட்டார். பின்னால் ஓடி ஒளிய இடம் இல்லாமல் போனதுதான் அவர்களை மேசைக்குக் கொண்டுவந்தது என்பது என் கருத்து. தமிழ்நாட்டையும் பாருங்கள். 1963ல் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது, பிரிவினை பேசினால் தேர்தலில் நிற்க முடியாது என்றானது, தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது. உறுதியாக நின்றால்தான் நாடு நிற்கும்.

---

மலைவாசகம் எழுதியது:

1971 பற்றிச் சொன்னது சரி, நான் விட்டது தப்பு. ஆனால் அதோடு முடியவில்லையே. 1976ல் ஒரு உடன்பாடு எழுதி அது நிற்காமல் போய், இன்னும் பத்து வருடம் ஓடியது. இடம் போனதும் பணிந்தார்கள் என்றால் அந்தப் பத்து வருடம் எதற்கு?

தி.மு.க. உதாரணம் உங்களுக்கே எதிராகப் போகிறது. பிரிவினைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டேதான் அண்ணா கோரிக்கையைக் கைவிட்டார். அப்புறம் நாலே வருடத்தில் தேர்தலில் ஜெயித்து ஆட்சிக்கு வந்தார்கள், யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. வாக்குப்பெட்டி வழியாகக் கோட்டைக்குப் போக முடியும் என்கிற கதவு திறந்திருந்தது. மிசோக்களுக்கு 1966ல் அந்தக் கதவே இல்லை, அசாமில் ஒரு மாவட்டம் அவ்வளவுதான். 1972ல் யூனியன் பிரதேசம் ஆனபிறகுதான் அது மெல்லத் திறந்தது.

---

சட்டப்பிரியை எழுதியது:

நாகாலாந்து கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் முயற்சி செய்கிறேன்.

நாகாலாந்துக்கு 1963லேயே மாநிலம் கிடைத்துவிட்டது. ஆனால் அது மிதவாதிகளோடு பேசிக் கொடுத்தது, ஆயுதம் வைத்திருந்தவர்கள் அதில் இல்லை. 1975ல் மத்திய அரசோடு போட்ட ஷில்லாங் ஒப்பந்தத்தை ஏற்காதவர்கள் தனியாகப் போனார்கள், அவர்களும் 1988ல் உடைந்தார்கள். 1997லிருந்து போர்நிறுத்தம், 2015ல் ஒரு கட்டமைப்பு ஒப்பந்தம், இறுதித் தீர்வு மட்டும் இல்லை. அதோடு அவர்கள் கேட்பதில் மணிப்பூர் மலைகளும் அடக்கம், அதைத் தொட்டால் இன்னொரு மாநிலம் எரியும்.

மிசோரத்தில் ஒரே அமைப்பு, ஒரே தலைவர். ஆனால் எனக்கு இதில் மிகப் பெரியதாகத் தெரிவது வேறு ஒன்று. 1986 ஜூன் 30ல் ஒப்பந்தம் ஆனபோது அங்கே லால் தன்ஹாவ்லா முதலமைச்சர், மக்கள் ஓட்டுப்போட்டு வந்தவர். அவர் நாற்காலியை விட்டு இறங்கி, நேற்றுவரை தேடப்பட்டவரான லால்டெங்காவை முதலமைச்சராக உட்கார வைத்து, தான் துணை முதலமைச்சராக இருந்தார். இதைச் செய்ய எத்தனை அரசியல்வாதிக்கு மனசு வரும்? 1987 பிப்ரவரி 20ல் முழு மாநிலம். அந்த மாதமே தேர்தல், 40ல் 24 இடம் மிசோ தேசிய முன்னணிக்கு. அடுத்த தேர்தலில் தோற்றார்கள், தோற்றபோது காட்டுக்குத் திரும்பவில்லை. எனக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்தான நாளைவிட இந்தத் தோல்வி முக்கியம். லால்டெங்காவின் செயலாளராகக் காட்டில் இருந்த சோரம்தங்கா பிற்பாடு மூன்று முறை முதலமைச்சர் ஆனார்.

அப்புறம் அரசியல் சட்டத்தின் 371ஜி பிரிவு. மிசோக்களின் மதம், வழக்கச் சட்டம், நில உரிமை பற்றி நாடாளுமன்றம் போடும் சட்டம் அவர்கள் சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்றால்தான் அங்கே செல்லும். நிலம் போய்விடும் என்ற பயம்தான் பாதிப் பிரிவினைக்குக் காரணம், அந்தப் பயத்தை எழுத்திலேயே எடுத்துவிட்டார்கள்.

---

எல்லைச்சாமி எழுதியது:

தோற்றும் காட்டுக்குப் போகவில்லை என்பது யோசிக்க வைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மிசோரத்தின் சிறுபான்மையான ப்ரூ மக்களையும் சொல்லுங்கள். 1997ல் மிசோரத்திலிருந்து பல்லாயிரம் பேர் திரிபுராவுக்கு ஓடினார்கள், 2020ல்தான் அவர்கள் திரிபுராவிலேயே குடியேற ஒப்பந்தம் ஆனது. 23 வருடம் முகாம். டெல்லியிடம் சுயாட்சி கேட்டவர்கள் தங்களுக்குள் இருந்த சிறுபான்மை ப்ரூ தன்னாட்சி கேட்டபோது கொடுக்கவில்லை.

---

சட்டப்பிரியை எழுதியது:

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. 371ஜி மிசோக்களைக் காத்தது, அதே சட்டமன்றத்தில் எண்ணிக்கை இல்லாதவர்களை அது காக்கவில்லை.

---

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, நேற்று இரவு முழுக்க இதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மாமனாரின் பழைய காகிதங்களை எடுத்துப் பார்த்தோம், லுங்லேய் என்று ஊர்ப் பெயர் இருக்கிறது. மனைவி ஒருமுறை அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்கிறாள். ராணுவக்காரர் மகள் என்று சொன்னால் அங்கே எப்படி எடுத்துக்கொள்வார்கள்? போக அனுமதி ஏதாவது வேண்டுமா?

---

மலைவாசகம் எழுதியது:

உள்நுழைவு அனுமதிச்சீட்டு வேண்டும், ஆன்லைனிலும் லெங்புய் விமான நிலையத்திலும் வாங்கலாம். அய்சாலிலிருந்து லுங்லேய் மலைப்பாதை, ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். வழியில் ஆளில்லாத காய்கறிக் கடைகள் இருக்கும், விலை எழுதியிருப்பார்கள், காசை டப்பாவில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை எதுவும் திறந்திருக்காது, தேவாலயம் மட்டும்தான்.

அப்பா யார் என்று உங்கள் மனைவி மறைக்க வேண்டாம். முதியவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அப்புறம் தேநீர் கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு வீட்டில் அப்படித்தான் நடந்தது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் இங்கே எழுதுங்கள், லுங்லேயில் என் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள், பேசி வைக்கிறேன்.