ஐசிபி-எம்எஸ் வாங்குமுன் டெமோவுக்கு நான் கொண்டுபோன மூன்று பாட்டில்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

எங்கள் டிரேஸ் மெட்டல்ஸ் ஆய்வகத்தில் பதிமூன்று வருடம் ஓடிய மெஷினை எடுத்துவிட்டுப் புது ஐசிபி-எம்எஸ் (சாம்பிளை ஆர்கான் பிளாஸ்மாவில் அயனிகளாக்கி, நிறையை வைத்து உலோகங்களை மிகச் சிறிய அளவிலும் அளக்கும் மெஷின்) வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. வாங்குவதற்கு முன் மூன்று இடங்களில் டெமோ பார்த்தேன். அங்கே கண்டதை எழுதுகிறேன், வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

முதல் டெமோவுக்கு நான் கொண்டுபோனது ஆறு குடிநீர் சாம்பிள்கள். எல்லாம் அழகாக வந்தன. வரத்தானே செய்யும், அந்த நீரில் மெஷினைத் தடுமாற வைக்கும் பொருள் எதுவும் இல்லை. கையேட்டில் உள்ள டிடெக்‌ஷன் லிமிட் (மெஷின் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு) அட்டவணையும் அப்படித்தான், சுத்தமான நீரில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் சேர்த்து, நல்ல சுத்த அறையில் வைத்து எடுத்த எண்கள் அவை. எங்களுக்கு வருவதோ பாதிக்கு மேல் மண், சேறு, கழிவுநீர். திரும்பி வரும் வழியெல்லாம் இந்த நாள் வீணாகிவிட்டதே என்றுதான் மனதில் ஓடியது.

அடுத்த டெமோவுக்கு மூன்று பாட்டில் தயார் செய்தேன். முதலாவதில் தூய நீரும் 1 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மட்டும், ஆர்சனிக் துளியும் கிடையாது. இரண்டாவது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மண் கரைசல். மூன்றாவதில் நியோடிமியம், சமாரியம் இரண்டும் தலா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), அதிலும் ஆர்சனிக் இல்லை. பாட்டிலின் மேல் எண் மட்டும் எழுதிக் கொடுத்தேன், உள்ளே என்ன என்று சொல்லவில்லை.

வாயு எதுவும் விடாமல் ஓட்டியபோது முதல் பாட்டில் ஆர்சனிக் 2 பிபிபி (நூறு கோடியில் இரண்டு பங்கு) என்று காட்டியது. ஆர்கான் 40, குளோரின் 35, சேர்ந்தால் 75, ஆர்சனிக்கின் நிறையும் 75. இது எல்லோருக்கும் தெரிந்த பழைய தொல்லைதான். செல்லுக்குள் (அயனிகள் அளக்கப்படும் முன் கடந்துபோகும் சிறு அறை) ஹீலியம் விட்டதும் அது காணாமல் போனது, ஏனென்றால் ஆர்கான் குளோரைடு உருவத்தில் பெரியது, ஹீலியத்தோடு அதிகம் மோதி ஆற்றலை இழந்து செல்லைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். அப்புறம் மூன்றாவது பாட்டில். ஹீலியம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் ஆர்சனிக் 5 பிபிபிக்கு மேல். அங்கே இருந்த பொறியாளர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குழாயைக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டினார். அதே எண். நியோடிமியத்துக்கும் சமாரியத்துக்கும் 150 நிறையில் ஒரு ஐசோடோப் உண்டு, அது இரண்டு எலெக்ட்ரானை இழந்தால் 150ஐ இரண்டால் வகுத்து 75இல் வந்து உட்கார்ந்துகொள்ளும், அது ஒற்றை அணு என்பதால் ஹீலியம் அதைத் தடுக்காது. குடிநீரில் ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவே 10 பிபிபி. அதில் பாதியை, இல்லாத ஆர்சனிக்குக்காக நான் ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

மூன்றாவது இடத்தில் டிரிபிள் குவாட் பார்த்தேன். குவாட் என்பது ஒரு நிறையை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி, சாதாரண சிங்கிள் குவாட்டில் அது செல்லுக்குப் பின்னால் மட்டும் இருக்கும், இதில் செல்லுக்கு முன்னாலும் ஒன்று உண்டு. முதல் குவாட் 75ஐ மட்டும் உள்ளே விடும், செல்லில் ஆக்சிஜன் இருக்கும், ஆர்சனிக் அதோடு சேர்ந்து 91க்கு நகரும், கடைசி குவாட் 91ஐ மட்டும் எண்ணும். 91இல் ஜிர்கோனியம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். மண்ணில் அது நிறையவே இருக்கும், ஆனால் அதை முதல் குவாட்டே வெளியே நிறுத்திவிடுகிறது. சிங்கிள் குவாட்டில் ஆக்சிஜன் விட்டு இதையே செய்யப் போனால் அந்தத் தடுப்பு இல்லை. மூன்றாவது பாட்டில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியது, மண் கரைசல் நமக்குத் தெரிந்த மதிப்பில் வந்து நின்றது. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

உங்கள் ஆய்வகத்தில் வேலைக்கு மிகவும் அடம்பிடிக்கும் சாம்பிள் எதுவோ, அதைக் கொண்டுபோங்கள்.

•

நல்ல பதிவு சார். ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் டிரிபிள் குவாட்டுக்கு ஓட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாங்கள் பார்ப்பது குடிநீரும் நிலத்தடி நீரும் மட்டும். நீங்கள் சொன்ன நியோடிமியம், சமாரியம் போன்ற அரிய மண் தனிமங்கள் அந்த நீரில் பிபிஎம் அளவில் வருவதில்லை. ஹீலியம் உள்ள சிங்கிள் குவாட் போதும் என்று எடுத்தோம், ஏழு வருடமாக ஒரு குறையும் இல்லை. மதிப்புகள் சான்றளிக்கப்பட்ட இயற்கை நீர் ரெஃபரன்ஸ் மெட்டீரியல் 1640ஏவை ஒவ்வொரு பேட்சிலும் வைக்கிறோம், சரியாகவே வருகிறது. செலினியம் மட்டும் கொஞ்சம் படுத்தும், 80இல் இரண்டு ஆர்கான் சேர்ந்து உட்கார்ந்திருப்பதால் 78ஐத்தான் பார்க்கிறோம், அந்த ஆர்கானை நீக்கச் செல்லுக்கு ஹைட்ரஜன் லைன் ஒன்று அப்போதே போட்டிருந்தால் இன்னும் நிம்மதியாக இருந்திருக்கும். வாயு இணைப்புகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், கட்டடம் முடிந்தபின் குழாய் போடுவது பெரிய வேலை.

•

நான் கடல்நீர் பார்க்கிறவள். எனக்கு முக்கியம் உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அதாவது 3.5 சதவீதம். ஐசிபி-எம்எஸ்ஸுக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை 0.2 சதவீதம். அப்படியானால் இருபது மடங்கு நீர்க்க வேண்டும், நீர்த்தால் நான் தேடும் காட்மியமும் ஈயமும் பிளாங்க்கோடு (சாம்பிள் இல்லாத வெற்றுக் கரைசல் காட்டும் அளவோடு) போய்க் கலந்துவிடும். டெமோவில் ஆர்கானாலேயே ஏரோசலை (சாம்பிளின் நுண்துளித் தூவலை) நீர்க்கும் வசதியைக் காட்டி, நேரடியாகக் கடல்நீரை விடலாம் என்றார்கள். சரி, எட்டு மணி நேரம் விடாமல் ஓட்டுங்கள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன்.

முதல் ஒரு மணி நேரம் அருமை. மூன்றாவது மணியில் சிக்னல் குறைகிறதா என்று பார்க்க ஒரே அளவில் சேர்க்கும் ரோடியம் இன்டர்னல் ஸ்டாண்டர்டு 80 சதவீதத்துக்கு இறங்கியது, ஆறாவது மணியில் 60க்கும் கீழே. நிறுத்தச் சொல்லி கோனை (பிளாஸ்மாவிலிருந்து அயனிகள் உள்ளே நுழையும் கூம்பை) கழற்றிக் காட்டச் சொன்னேன். நடுவில் இருக்கும் துளை 1 மில்லிமீட்டர்தான். அதன் விளிம்பைச் சுற்றி வெள்ளையாக உப்பு வளையம் கட்டியிருந்தது, ஒரு பக்கம் துளைக்குள்ளேயே நீட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தபின் எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. இன்னொரு கம்பெனி மெஷின் அதே எட்டு மணி நேரத்தில் 85இல் நின்றது, அதையே வாங்கினோம். இருந்தாலும் மிகக் குறைந்த அளவுகளுக்கு இன்றைக்கும் ரெசினில் உப்பைப் பிரித்துச் செறிவாக்கித்தான் ஓட்டுகிறேன். ஐந்து நிமிட டெமோவில் எந்த மெஷினும் நன்றாகத்தான் இருக்கும். முழு நாள் கேளுங்கள், கொடுக்க மறுத்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

•

செக்டர் ஃபீல்ட் பற்றி யாரும் எழுதவில்லையே என்று இதை எழுதுகிறேன். எங்களிடம் இருப்பது அதுதான், குவாட்டுக்குப் பதில் காந்தப்புலத்தால் நிறைகளைப் பிரிக்கும் வகை. ரெசல்யூஷன் (நெருங்கிய நிறைகளைப் பிரிக்கும் திறன்) 300, 4000, 10000 என்று மூன்று நிலை. இரும்பு 56ஐ ஆர்கான் ஆக்சைடிலிருந்து பிரிக்க 4000 போதும், திரையில் இரண்டு முகடும் தனித்தனியாக நிற்பதைப் பார்ப்பதே ஒரு நிறைவு. ஆனால் ஆர்சனிக்கை ஆர்கான் குளோரைடிலிருந்து பிரிக்க 10000க்குப் போக வேண்டும், போனால் சிக்னல் நூற்றில் ஒன்று இரண்டாகக் குறைந்துவிடும். ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. நாளுக்கு நூறு சாம்பிள் முடிக்க வேண்டிய ஆய்வகத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

•

எங்கள் கதை வேறு. மெஷின் வந்து, நிறுவி, ஒப்புக்கொண்ட டிடெக்‌ஷன் லிமிட்டையும் பொறியாளர் காட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் எங்கள் ஆட்கள் ஓட்டினால் துத்தநாகம் பிளாங்க் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் 0.2 பிபிபி, மறுநாள் 3. மெஷினில்தான் கோளாறு என்று மூன்று வாரம் கடிதம் எழுதினோம். நெபுலைசர் மாற்றினார்கள், டார்ச் மாற்றினார்கள், பம்ப் குழாய் மாற்றினார்கள். கடைசியில் எங்கள் மாணவி ஒருத்திதான் கண்டுபிடித்தாள், அவள் தயார் செய்யும் நாளில் மட்டும் பிளாங்க் குறைவாக இருந்தது, அவள் அணிந்தது பவுடர் இல்லாத வேறு கையுறை. பழைய கையுறையின் ஒரு விரலை வெட்டி அமிலத்தில் ஊறப்போட்டு ஓட்டினோம், துத்தநாகம் எங்கோ போய் நின்றது.

அதற்குப் பிறகு மெஷினுக்கு ஒதுக்கியதில் மிஞ்சியதை எல்லாம் சுற்றியுள்ளதில் போட்டோம். 18.2 மெகாஓம் நீர், அமிலத்தை நாமே கொதிநிலைக்குக் கீழே காய்ச்சி வடிக்கும் கருவி, பிஎஃப்ஏ பிளாஸ்டிக் பாட்டில்கள், சாம்பிள் எடுக்கும் தட்டுக்கு மேலே வடிகட்டிய காற்று. கண்ணாடிப் பாத்திரம் எதையும் உள்ளே விடுவதில்லை. பிபிடி (பிபிபியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை பார்க்கும் மெஷின் வாங்கிவிட்டு அறைத் தூசியில் வரும் அலுமினியத்தை அளந்துகொண்டிருந்தால் யாருக்கு என்ன பயன்? வாங்கும் முன்பே உங்கள் பிளாங்க்கைப் பத்து தடவை எடுத்துப் பாருங்கள், அது இறங்காமல் மெஷினின் லிமிட்டை மட்டும் இறக்க முடியாது.

•

மேலே எழுதியவர் சொன்ன கையுறை விஷயத்தைப் படித்ததும் எழுந்துபோய் எங்கள் பெட்டியைப் பார்த்தேன், நன்றி மேடம்.

ஆர்கான் பற்றித் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எங்கள் மெஷின் எல்லாம் சேர்த்து நிமிடத்துக்குச் சுமார் 18 லிட்டர் எடுக்கிறது. 7 கனமீட்டர் சிலிண்டர் என்றால் 7000 லிட்டர், ஆறரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். முதல் மாதம் சிலிண்டரில்தான் ஓட்டினோம், இரவு ஓட்டம் போட்டுவிட்டுப் போனால் நடுவில் பிளாஸ்மா அணைந்து காலையில் பாதி பேட்ச் அப்படியே கிடக்கும். திரவ ஆர்கான் தொட்டிக்கு மாறியபின்தான் தூங்க முடிந்தது. தினமும் ஓட்டப் போகிறவர்கள் மெஷின் ஆர்டரோடு அதையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

பாதரசம் பார்க்கிறவர்கள் இன்னும் யாரும் எழுதவில்லை. கழுவும் கரைசலில் தங்கம் 200 பிபிபி சேர்க்கிறோம், ஆனாலும் அதிகமுள்ள ஒரு சாம்பிள் போனபின் அடுத்த மூன்று பிளாங்க்கில் அது ஒட்டிக்கொண்டே வருகிறது. டெமோவில் இதை நான் கேட்காமல் விட்டுவிட்டேன். ஸ்பிரே சேம்பரின் (சாம்பிளின் தூவல் முதலில் போய்ச் சேரும் அறையின்) வடிவத்தாலோ பொருளாலோ இது குறைந்ததை யாராவது நேரில் பார்த்திருந்தால் விவரமாக எழுதுங்கள், எத்தனை வினாடி கழுவினீர்கள் என்பதோடு.