செல்வம் கார்த்திக்கு இன்னும் மாற்று வீரர் இடம்தானா?

கொள்ளிடக்கரை:
ராஜ்கிரில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கிக்காக 2025 ஆகஸ்டில் வெளியான இந்திய அணிப் பட்டியலில், 18 பேருக்கும் கீழே மாற்று வீரர்கள், அதாவது யாராவது விலகினால் மட்டும் அழைக்கப்படுபவர்கள் என்று இரண்டு பெயர்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று எங்கள் அரியலூர் முன்கள வீரர் செல்வம் கார்த்தியுடையது. அன்றைக்கு நான் எதுவும் எழுதவில்லை. அணி கோப்பையை வென்று 2026 உலகக் கோப்பைக்கு நேரடியாகத் தகுதி பெற்ற வேளையில் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நவம்பரில் மலேசியாவின் ஈப்போவில் நடந்த அஸ்லான் ஷா கோப்பையைப் பார்த்த பிறகு, இனியும் பேசாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றுகிறது.

அந்தத் தொடரில் மலேசியாவை 4-3 என்றும் நியூசிலாந்தை 3-2 என்றும் இந்தியா வென்றது. ஒரே கோல் வித்தியாசத்தில் கிடைத்த அந்த இரண்டு வெற்றிகளிலும் கார்த்தி ஆட்டத்துக்கு ஒரு கோல் அடித்திருக்கிறார். இது அவருக்குப் புதிதும் அல்ல. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் பாகிஸ்தானுக்கு எதிராக முதன்முதலாக இந்தியச் சட்டை அணிந்த அன்றே கோல் அடித்தவர் அவர். அடுத்த ஜனவரியில் ஒடிசாவில் நடந்த உலகக் கோப்பையில் அவர் இல்லை. 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் மலேசியாவை 5-0 என்று வென்றபோது முதல் கோல் அவருடையது. அடுத்த மாதம் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ஹாங்சோவுக்குப் போன 18 பேரில் அவர் இல்லை, 2024 ஒலிம்பிக்குக்காக பாரிஸுக்குப் போன 16 பேரிலும் இல்லை. அழைக்கும்போதெல்லாம் வந்து வேலையை முடித்துக் கொடுப்பவரைப் பெரிய தொடர் வரும்போது மட்டும் வாசலில் நிறுத்துவது ஏன் என்று நான் கேட்கிறேன்.

குடந்தைவாசி:
அன்பருக்கு வணக்கம். கார்த்தி மீது உங்களுக்கு இருக்கும் பற்று எனக்கும் உண்டு. ஆனால் உங்கள் கேள்வியில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, யாரை எடுத்துவிட்டு அவரைச் சேர்ப்பது என்பது. ராஜ்கிர் அணியில் முன்கள வீரர்கள் ஐந்து பேர்: மன்தீப் சிங், ஷிலானந்த் லக்ரா, அபிஷேக், சுக்ஜீத் சிங், தில்பிரீத் சிங். இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 4-1 என்று வென்றபோது, ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே சுக்ஜீத் கோல் அடித்தார், தில்பிரீத் இரண்டு அடித்தார். சூப்பர் ஃபோர் சுற்றில் சீனாவை 7-0 என்று வென்றார்கள். இவர்களில் யாரைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வருவீர்கள்? தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவர் பெயரைச் சேர்ப்பது பற்றி மட்டும் யோசிக்க முடியாது. ஒரு பெயரை அடிக்காமல் இன்னொரு பெயரை எழுத அந்தத் தாளில் இடம் கிடையாது.

ஈப்போவில் ஹர்மன்பிரீத், மன்பிரீத், ஹார்திக், மன்தீப் ஆகிய மூத்தவர்கள் ஆடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தத் தொடர் இளையவர்களுக்கும் வரிசையில் நிற்பவர்களுக்கும் கிடைத்த வாய்ப்பு. அதில் நன்றாக ஆடியது அவர் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதுவே இடத்தைப் பெற்றுத் தந்துவிடாது.

வெண்ணாற்றங்கரை:
ஐயா, நீங்கள் பட்டியலுக்குள்ளேயே நின்று பேசுகிறீர்கள். பாரிஸுக்குப் போன 16 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேர் பஞ்சாப்காரர்கள், தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் கூட இல்லை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவராக இருந்த வாசுதேவன் பாஸ்கரன் நம் மாநிலத்தவர். அங்கிருந்து இந்த நிலைக்கு வந்திருக்கிறோம். 2022 போபால் தேசியப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போன மாநில அணியில் தேறக்கூடியவர் யாருமே இல்லையா? வடக்கே பேசுவதற்கு ஆள் இருக்கிறது, நமக்கு இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

குடந்தைவாசி:
தம்பி, அந்தப் பேச்சை நான் ஏற்க மாட்டேன், அது கார்த்திக்கும் நன்மை செய்யாது. அதே பாரிஸ் அணியில் அமித் ரோகிதாஸ் ஒடிசாவின் சுந்தர்கட்டைச் சேர்ந்தவர், விவேக் சாகர் மத்தியப் பிரதேசம், ராஜ்குமார் பால் உத்தரப் பிரதேசம், கோல் காத்த ஸ்ரீஜேஷ் நமக்குப் பக்கத்துக் கேரளம். ஆள் பேசித்தான் இடம் கிடைக்கிறது என்றால் இவர்களுக்கெல்லாம் யார் பேசினார்கள்? சுந்தர்கட் மாவட்டத்தின் 17 ஒன்றியங்களிலும் ஹாக்கிக்கென்று செயற்கைப் புல்தரை போடும் வேலையை ஒடிசா அரசு எடுத்துச் செய்தது. பத்து வயதுப் பையன் நடந்து போகிற தூரத்தில் டர்ப் இருந்தால் இருபது வயதில் அவன் பெயர் பட்டியலில் வரும். நம் டெல்டாவில் அப்படி நடந்து போகும் தூரத்தில் எத்தனை ஊர்ப் பையன்களுக்கு டர்ப் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கார்த்தி வளர்ந்ததே கோவில்பட்டி விடுதியில்தான். அரியலூரிலிருந்து மதுரையையும் தாண்டிப் போய் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

மயிலாடுதுறைக்காரன்:
வட்டாரச் சண்டையை ஒதுக்கிவிட்டு ஆட்டத்துக்கு வருகிறேன். முன்கள வீரரைக் கோல் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது பழைய முறை. இன்றைய ஹாக்கியில் 15 நிமிடம் கொண்ட கால்பகுதிகள் நான்கு. ஆள் மாற்றத்துக்கு எல்லை கிடையாது என்பதால் முன்களத்தில் இருப்பவர் சில நிமிடங்கள் மூச்சு முட்ட ஓடிவிட்டு வெளியே வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி உள்ளே போகிறார். அந்தச் சில நிமிடங்களில் அவருடைய முதல் வேலை எதிரணியின் பின்களம் பந்தை வெளியே கொண்டுவர விடாமல் நெருக்குவது. களத்தில் இருக்கும் முன்கள வீரர்கள் எல்லாரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல நகர வேண்டும், ஒருவர் அரை நொடி பிந்தினால் அந்த இடைவெளியில் பந்து நடுக்களத்துக்குப் போய்விடும். அடுத்த வேலை, கோலுக்கு முன்னால் இருக்கும் 'டி' வட்டத்துக்குள் பந்தை வாங்கித் திரும்பிக் கோல் அடிப்பது, முடியாவிட்டால் பின்கள வீரரின் காலில் பந்தைப் பட வைத்து, அந்தத் தவறுக்காகக் கிடைக்கும் கோல் வாய்ப்பான பெனால்டி கார்னரை வாங்குவது. ஹர்மன்பிரீத் பாரிஸில் 10 கோல் அடித்தார் என்கிறோம். அவர் அடித்த ஒவ்வொரு கார்னரையும் முன்னால் யாரோ ஒருவர் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறார், அவர் பெயர் கோல் பட்டியலில் வருவதில்லை. பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டன் தடுப்பாட்டத்தைக் கட்டிக்கொண்டு அதிலிருந்து வெற்றியைத் தேடுபவர், ஆகவே நெருக்குவதில் பழகிய கூட்டத்தைக் கலைக்க அவர் தயங்குவார். கார்த்தியிடம் வேகம் இருக்கிறது, வட்டத்துக்குள் சரியான இடத்தில் போய் நிற்கும் மூக்கும் இருக்கிறது. கூட்டத்தோடு சேர்ந்து நெருக்கும் பழக்கம் முகாமில் மட்டும் வந்துவிடாது, அடுத்தடுத்து ஆட்டங்கள் ஆடினால்தான் வரும்.

கொள்ளிடக்கரை:
தம்பி மயிலாடுதுறை சொன்ன கடைசி வாக்கியத்தைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். அடுத்தடுத்து ஆட்டங்கள் ஆடினால்தான் வரும் என்றால், அந்த ஆட்டங்களை யார் கொடுத்தார்கள்? அவருடைய கடந்த ஓராண்டைப் பாருங்கள். ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாடு டிராகன்ஸ் அணி அரையிறுதி வரை போய், ரூர்கேலாவில் பெங்கால் டைகர்ஸிடம் ஷூட்-அவுட்டில் தோற்றது. அந்த அணியில் கார்த்தி இருந்தார். பிறகு இந்தியா ஏ அணியோடு ஐரோப்பா, ஆகஸ்டில் முதன்மை அணியோடு ஆஸ்திரேலியாவின் பெர்த், அங்கிருந்து வந்ததும் மாற்று வீரர், பிறகு ஈப்போ. ஒரு தொடரில் உள்ளே, அடுத்ததில் வெளியே என்று அலைக்கழித்துவிட்டுக் கூட்டத்தோடு பழகவில்லை என்றால் அது எப்படி நியாயமாகும்?

குடந்தை ஐயா ராஜ்கிர் வெற்றியைக் காட்டினார். அதே ஆண்டு ஜூனில் ஐரோப்பாவில், உலகின் முன்னணி அணிகள் மோதும் புரோ லீக்கில் அடுத்தடுத்து ஏழு ஆட்டங்களில் தோற்றதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே. அப்போதும் முன்களத்தின் பெரும்பகுதி இதே பெயர்கள்தாம். கஜகஸ்தானுக்கு எதிராக 15 கோல் அடித்ததை வைத்து, நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடக்கப்போகிற உலகக் கோப்பைக்கு ஆள் எடுக்க முடியாது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இது எனக்கு நெருக்கமானது. திருமானூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் பதினாலு பதினைந்து பிள்ளைகளுக்கு நான் ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பள்ளியின் மைதானத்தைக் கேட்டோம், கோல் கம்பம் நடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அறுவடை முடிந்த திடலில் செங்கல் வைத்து ஆடுகிறோம். கார்த்திகை மழையில் அந்தத் திடல் முழங்கால் சேறாகிவிடும், தை பிறந்து நிலம் இறுகும்வரை ஸ்டிக்குகள் பரணில்தான். நிலம் இறுகிய பிறகும் களிமண் வெடிப்பில் பட்டுப் பந்து துள்ளும். பந்து எந்த நொடியிலும் எழும்பும் என்று பயந்து பிள்ளைகள் ஸ்டிக்கை நட்டுக்குத்தாகப் பிடித்து, நிமிர்ந்து நின்று பந்தை வாங்குகிறார்கள். டர்ப்பில் அப்படி நின்றால் பந்து ஸ்டிக்குக்குக் கீழே நழுவிப் போய்விடும். அங்கே முழங்காலை மடக்கி, ஸ்டிக்கைத் தரையோடு படுக்கப் போட்டு வாங்க வேண்டும். இளையோர் உலகக் கோப்பைக்காக இவர்களை வேனில் மதுரைக்கு அழைத்துப் போனேன். அங்கே எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கோலைப் பார்க்கவே இல்லை, ஆட்டக்காரர்களின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, சேறு காயாத திடலின் ஓரத்தில், சிமெண்ட் களத்துமேட்டில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் பந்தை உருட்டச் சொல்லி, குனிந்து குனிந்து வாங்கிப் பழகினான். கை முட்டி தோலுரிந்து ரத்தம் வந்தபோதும் நிறுத்தவில்லை. கார்த்தி இந்த மண்ணிலிருந்து போய் அந்தத் தரைக்குத் தன் உடம்பையே மாற்றிக்கொண்டவர். அந்த உழைப்பின் அளவு, பிறந்தது முதல் டர்ப்பில் ஆடியவரின் உழைப்பின் அளவு அல்ல.

குடந்தைவாசி:
அந்தப் பையனைப் பற்றிப் படித்தபோது கண் கலங்கியது உண்மை. அவனுக்கு என்னால் ஆனதைச் செய்வேன், தனியே பேசுவோம். ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ள அது போதவில்லை. எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார் என்பதற்காக ஒருவருக்கு இந்திய அணியில் இடம் கொடுக்க முடியாது, வந்து சேர்ந்த இடத்தில் எவ்வளவு ஆடுகிறார் என்பதற்குத்தான் கொடுக்க முடியும். இதைக் கார்த்தியே ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறேன். ஏழு தோல்விகள் பற்றி நீங்கள் சொன்னது வேறு. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. பெரிய அணிகளுக்கு எதிராக வட்டத்துக்குள் வாய்ப்பைக் கோலாக்கும் ஆள் நமக்குக் குறைவு என்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:
பஞ்சாப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். சுந்தர்கட் பற்றி எனக்கு இதுவரை தெரியாது. ஆனால் மாற்று வீரராக வைத்திருப்பவரிடம், உன்னிடம் இது குறைகிறது, இதைச் சரிசெய்தால் உள்ளே வரலாம் என்று தேர்வாளர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டாமா? ரசிகர்களுக்கு வேண்டாம், ஆட்டக்காரருக்காவது.

மயிலாடுதுறைக்காரன்:
முகாமில் அவரிடம் சொல்லியிருக்கலாம், அது நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. உலகக் கோப்பைக்கு முன்னால் வரும் புரோ லீக்கில் பெல்ஜியம், அர்ஜென்டினா போன்ற அணிகளுக்கு எதிராக அவரைத் தொடர்ந்து நான்கைந்து ஆட்டங்களில் இறக்க வேண்டும். மூத்தவர்கள் ஓய்வில் இருக்கும்போது வேண்டாம். அபிஷேக்கும் மன்தீப்பும் சுக்ஜீத்தும் பக்கத்தில் ஓடும்போது இறக்க வேண்டும். நெருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார், எத்தனை முறை வட்டத்துக்குள் பந்தை வாங்குகிறார், எத்தனை கார்னர் சம்பாதிக்கிறார் என்பதெல்லாம் அப்போது எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடும்.

கொள்ளிடக்கரை:
ஐந்து ஆட்டங்கள் என்றால் எனக்குச் சம்மதம். நான் முதலில் கேட்டதைவிட அது குறைவுதான், ஆனால் அவருக்கு இதுவரை கிடைத்ததைவிட அதிகம்.

குடந்தைவாசி:
எனக்கும் சம்மதம். மூத்தவர்களோடு ஆடும் அந்த ஐந்து ஆட்டங்களிலும் அவர் நின்று காட்டினால், ஐந்து பேரில் யாருடைய இடத்தில் அவரைப் போடலாம் என்பதை இதே இழையில் பெயர் சொல்லி நானே எழுதுகிறேன். அதுவரை ராஜ்கிர் பட்டியல் சரி என்பதில் எனக்கு மாற்றமில்லை. அந்தக் களத்துமேட்டுப் பையனுக்குக் கால் அளவு என்ன என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். டர்ப்பில் போடும் காலணி ஒரு சோடி என் பேரனுடையது இருக்கிறது, அவன் இரண்டே முறைதான் போட்டான்.