புதுப்பிப்பு: கன்டெய்னர் பிறழ்வுகளைக் கண்டறியும் மாதிரியும் பொய் எச்சரிக்கைகளும்

கன்டெய்னர்களை (ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு தனியே இயக்கும் பொதிகள்) நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸில் எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவும்போதெல்லாம், மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும் தரவுகளைக் கண்டறியும் எங்கள் ஐசொலேஷன் ஃபாரஸ்ட் மாதிரி பொய் எச்சரிக்கைகளைக் குவிக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். அதன் காரணம் இப்போது தெரிந்துவிட்டது. ஒவ்வொரு கன்டெய்னரின் அடையாளத்துக்கும் தனித்தனியே இயல்பு நிலையைக் கற்பித்திருந்தோம். ஆனால் கன்டெய்னர்கள் சில மணி நேரத்திலேயே மறைந்து வேறு அடையாளத்துடன் தோன்றுவதால், புதிதாக வந்த ஒவ்வொன்றும் மாதிரிக்கு அந்நியமாகவே தெரிந்திருக்கிறது. ஒரே சேவையின் பாட்கள் (கன்டெய்னர்களைக் கொண்ட, குபெர்னெட்டீஸின் மிகச் சிறிய அலகுகள்) அனைத்தையும் ஒரு குழுவாகக் கொண்டு, தொடங்கியதிலிருந்து கடந்த நேரத்தையும் உள்ளீடாகச் சேர்த்த பிறகு பொய் எச்சரிக்கைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

நேற்று ஒரு பாடின் நினைவகப் பயன்பாடு, கோரிக்கைகள் கூடாமலேயே படிப்படியாக ஏறுவதை மாதிரி முன்கூட்டியே காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாடின் கன்டெய்னர் நினைவக வரம்பைத் தொட்டு, 137 என்ற வெளியேறல் குறியீட்டுடன் (128 உடன் கட்டாய நிறுத்தச் சமிக்ஞையின் எண்ணான 9-ஐக் கூட்டியது) நின்றது. மிக மெதுவான நினைவகக் கசிவை (பயன்படுத்திய நினைவகத்தை விடுவிக்காமல் சேர்த்துக்கொண்டே போவதை), மாதிரிக்கு வாரந்தோறும் புதிய தரவுகளால் தரும் மறுபயிற்சி இயல்பு நிலையாகவே ஏற்றுக்கொண்டுவிடும் சிக்கல் மட்டும் இன்னும் தீரவில்லை.