ரேடியோ பூங்கா: வளைவுக்கு முன்னால் தண்ணீர்

அன்புள்ள சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர் ரேடியோ பூங்காவுக்கு அலங்கார வளைவு கட்டவும் தரை முழுவதும் பேவர் பிளாக் பதிக்கவும் வீட்டுக்கு 25,000 ரூபாய் கேட்டுத் தோகாவில் இருக்கும் தம்பி எழுதிய கடிதத்தையும், அதை ஆதரித்து மணியக்காரர் வீட்டு அண்ணன் எழுதிய பதிலையும் இரண்டு முறை படித்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்த என் தங்கை மகன் அங்கே கண்டதைச் சொன்ன பிறகு, எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

வடக்கு ஓரத்துப் புன்னை மரங்கள் மூன்றிலும் சிவப்புச் சாயத்தால் எண் போட்டிருக்கிறார்கள். எதற்கு என்று அவன் கேட்டதற்கு, தரையைச் சமப்படுத்த இடைஞ்சலாக இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. பூங்காவில் உள்ள பஞ்சாயத்து ரேடியோ அறையை இடித்துவிட்டு அந்த இடத்தில் வளைவின் ஒரு தூண் வரும் என்றும் சொன்னார்களாம். கஜா புயலுக்குப் பிறகு நாம் பணம் அனுப்பி வைத்த நாற்பது கன்றுகளில் ஒன்பதுதான் நிற்கின்றன. மற்ற இடங்களில் இரும்புக் கூண்டு மட்டும் இருக்கிறது. இரண்டு கூண்டுகளில் யாரோ ஆட்டைக் கட்டியிருந்தார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயல், மன்னார்குடிப் பக்கத்தில் என்ன செய்தது என்பதை இந்தக் குழுவில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் பூங்காவில் இருந்த இரண்டு பெரிய தூங்குமூஞ்சி மரங்களும், தாம் நின்ற இடத்துச் சிமெண்டு பெஞ்சையும் வேரோடு தூக்கிக்கொண்டு சாய்ந்தன. அன்றைக்கு விழாமல் நின்றவை இந்தப் புன்னைகள்தான். கடற்காற்றுக்குப் பழகிய மரம் அது. புயல் விட்டுவைத்த மரத்தை நாம் பணம் அனுப்பி வெட்ட வேண்டுமா?

விழுந்த மரங்களை விற்ற பணம் எங்கே போனது என்றும், 2019இல் திரட்டிய நிதியில் கன்றுக்கு எவ்வளவு, கூண்டுக்கு எவ்வளவு, தண்ணீர் ஊற்றியவருக்கு எவ்வளவு என்றும் தபால்காரர் வீட்டு மாமா இதே குழுவில் மூன்று முறை கேட்டார். ஒரு முறைகூட அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. அவரைக் கணக்குப் பிள்ளை என்று ஒருவர் எழுதியபோது நானும் வாய் மூடி இருந்தேன். அது என் தவறு. மாமா கேட்டது நியாயம் என்று இப்போது எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். அந்தக் கணக்கு இந்தக் குழுவுக்கு வராமல் அடுத்த வசூலைத் தொடங்கக் கூடாது.

கன்றுகள் ஏன் பட்டுப்போயின என்பது ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். வழக்கப்படி ஜனவரி 28இல் மேட்டூர் அணையை மூடினால், மறுபடி ஜூன் 12இல்தான் திறப்பார்கள். இடைப்பட்ட நாலரை மாதமும் வாய்க்கால் காய்ந்து கிடக்கும், நம் களிமண் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும், கன்றின் வேர் அந்த வெடிப்பில் அறுந்துபோகும். மரம் வைக்கப் பணம் அனுப்பினோமே தவிர, அந்த நாலரை மாதத்துக்கு ஓர் ஆளை அமர்த்தவில்லை. இப்போது அணையை மூடும் காலமும் கடந்துவிட்டது. இருக்கிற ஒன்பதுக்கும் இதுதான் கெடு. ஒருவருக்கு மாதச் சம்பளம், ஒரு குழாய் இணைப்பு, ஒரு நீள ஹோஸ், இவ்வளவுதான் உடனடித் தேவை. அந்தக் களிமண்ணின் மேல் பேவர் பிளாக் பதித்தால் ஒரு கோடையில் வெடித்து ஒரு ஐப்பசி மழையில் அமிழ்ந்துவிடும். மழைத் தண்ணீரும் மரத்தடிக்கு இறங்காது.

ரேடியோ அறையைப் பற்றி நான் எழுதினால், அப்பாவுக்காகப் பேசுவதாகச் சிலர் நினைக்கக்கூடும். ஆம், அப்பாவுக்காகவும்தான் பேசுகிறேன். பஞ்சாயத்து ரேடியோவைத் திறந்து மூடும் வேலையை அவர் இருபது ஆண்டுக்கு மேல் செய்தார். மாலை ஆறு மணிக்கு முன்பே போய் இரும்புக் கதவைத் திறந்து, துண்டால் பெட்டியைத் துடைத்துவிட்டு விசையைத் திருகுவார். வால்வு சூடேறும் வரை ஒன்றும் கேட்காது. பிறகு மேலே இருந்த இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளும் மெல்ல இரைந்து, திருச்சி நிலையத்தின் குரல் வரும். 1939 மே 16இல் தொடங்கிய அந்த நிலையம்தான் நம் ஊருக்குக் கடிகாரமும் செய்தித்தாளுமாக இருந்தது. 1960களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைப் பற்றி அந்த நிலையத்தின் விவசாய நிகழ்ச்சிகளில் கேட்டுத்தான் தஞ்சை மாவட்டமே குறுவைக்கு அதை விதைத்தது; 'ரேடியோ நெல்' என்றே அதற்குப் பெயர் வந்தது. நம் ஊரார் அந்த நெல்லைப் பற்றி முதலில் கேட்டது இந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்துதான். பெஞ்சில் உட்கார முடியாமல் வேலிக்கு வெளியே வாய்க்கால் கரையில் நின்று கேட்டவர்களும் இருந்தார்கள். புயலுக்கு மறுநாள் அரிவாளோடு வந்து, பாதையை அடைத்துக் கிடந்த மரத்தை அறுத்து வழி விட்டவர்கள் அவர்களுடைய பிள்ளைகளே. வளைவில் எழுதப்போவதாக வந்திருக்கும் பெயர்ப் பட்டியலில் அவர்கள் தெருவிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை.

பக்கத்து ஊர்க்காரர்கள் வளைவு கட்டிவிட்டார்கள், நமக்கு மானம் இல்லையா என்று மணியக்காரர் வீட்டு அண்ணன் கேட்டிருக்கிறார். அண்ணன் மீது எனக்கு என்றைக்கும் மரியாதை உண்டு; என் படிப்புக்கு அவர் வீட்டில் செய்த உதவியை நான் மறந்தவன் அல்லன். ஆனால் உள்ளே நிழல் இல்லாத பூங்காவுக்கு வாசலில் பெயர் எழுதி வைப்பது நமக்குப் பெருமை ஆகாது, அண்ணா.

சட்டப்படியும் சில உண்டு. தோகா தம்பி கொடுத்திருப்பது ஒரு தனி நபரின் வங்கிக் கணக்கு எண். என்னைப் போல் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தரும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும். அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள சங்கம்தான் அதைப் பெறலாம், அதுவும் புதுதில்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கில்தான் பெறலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்புவதற்கு இந்தத் தடை இல்லை. எனவே யார் எந்தக் கடவுச்சீட்டில் இருக்கிறோம் என்பதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லோரிடமும் ஒரே கணக்கில் பணம் கேட்பது, ஊரில் வாங்குபவரைத்தான் சிக்கலில் மாட்டும். பூங்கா பஞ்சாயத்து நிலம். அங்கே மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். மார்ச் 22 கிராம சபையில் பூங்காவைப் பொருளாக வைத்து, எல்லாத் தெருவும் வந்து பேசித் தீர்மானம் போடட்டும். அதுவரை புன்னையில் கோடரி படக் கூடாது என்று பஞ்சாயத்துக்கு நாம் கூட்டாகக் கடிதம் எழுதலாம். வரைவை நாளைக்குள் அனுப்புகிறேன்.

தண்ணீருக்கு மட்டும் காத்திருக்க முடியாது. ஜூன் 12 வரை ஆள் கூலியை இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் என் தங்கை தன் கையால் தருவதாகச் சொல்லிவிட்டாள். வாரம் ஒரு முறை கூலிச் சீட்டையும் ஒன்பது கன்றுகளின் படத்தையும் அவள் மகன் இங்கே போடுவான். மாமா, அதைச் சரிபார்க்கும் பொறுப்பை நீங்கள் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரேடியோ அறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே இடிக்க வேண்டாம். அப்பா வைத்திருந்த சாவி தங்கை வீட்டுக் கூடத்து ஆணியில் இன்னும் தொங்குகிறது. ஊரிலிருந்து யார் போய்க் கேட்டாலும் கொடுப்பாள்.

அன்புடன்,
ரேடியோக்காரர் வீட்டு மூத்த மகன்
சிங்கப்பூர்